உருக்க முடியாத பொன்

தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றி வருகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து விமானத்தைப் பார்த்தபடியேதான் நடப்பார்கள். கண்ணுக்கு நேரே அடித்தளக் கற்களில் வரிவரியாக ஓடும் எழுத்தை நின்று வாசிப்பவர்கள் குறைவு. வாசித்தால் அது பொன் கணக்கு. "நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக என்று முதலாம் ராஜராஜன் இட்ட ஆணையில் அது தொடங்குகிறது. யார் கொடுத்தார், எந்த ஆண்டில், எந்த நாளில், நிறை எவ்வளவு என்று மஞ்சாடி, குன்றி என்ற சிற்றெடைகள் வரைக்கும் இறங்கிப் போகிறது.

அவனது 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள், அதாவது 1010இல், விமானத்தின் உச்சியில் வைக்க ஒரு செப்புக்குடம் கொடுக்கிறான். குடத்தின் நிறை 3083 பலம். அதன்மேல் போர்த்திய பொன் தகடு 2926½ கழஞ்சு. கழஞ்சுக்கு ஐந்து கிராம் சொச்சம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 15 கிலோ. நிறுத்த எடைக்கல்லுக்கும் பெயர் இருந்தது: பொன்னுக்கு 'ஆடவல்லான்', மணிகளுக்கு 'தக்ஷிணமேரு விடங்கன்'. இரண்டும் இறைவன் பெயர்கள்.

இந்தப் பொன் எங்கிருந்து வந்தது என்பதையும் கல்வெட்டு மறைக்கவில்லை. சேரனையும் பாண்டியர்களையும் மலைநாட்டில் வென்று கைக்கொண்ட பண்டாரத்திலிருந்து செய்து கொடுத்தவை என்று பல பொருட்களுக்கு வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. தோற்றவன் பண்டாரத்துப் பொன் வென்றவன் கையால் இறைவனுக்குப் போகிறது. போனது கல்லில் ஏறுகிறது. பொன்னைத் தன் அறையில் பூட்டி வைத்திருந்தால் ராஜராஜன் பணக்காரன், அவ்வளவுதான். ஊர் பார்க்க நிறுத்து, இறைவனுக்குக் கொடுத்து, கொடுத்ததை எழுதியும் வைத்தபோதுதான் அது அரசதிகாரம் ஆகிறது.

அந்தப் பட்டியலில் உள்ள பொன் திருமேனிகளோ பொற்பாத்திரங்களோ நம் கைக்கு வந்து சேரவில்லை. செப்புத் திருமேனிகளில்கூட ஆடவல்லானைப் போல மிகச் சிலதான் மிஞ்சின. கணக்கு இருக்கிறது, பொருள் இல்லை.

தஞ்சைக்கு மட்டும் நேர்ந்த கதி இல்லை இது. உலகம் முழுவதும் பொன்னால் செய்த கலையின் வரலாற்றில் பாதிக்குமேல் உருக்கியதன் வரலாறு. பொன் துரு ஏறாது, கறுக்காது, மண்ணில் மூவாயிரம் ஆண்டு கிடந்தாலும் துடைத்தால் பளிச்சிடும். அதனால்தான் சாவில்லாத தெய்வத்துக்கும், சாக விரும்பாத அரசனுக்கும் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் 1064 டிகிரி செல்சியஸில் அது உருகிவிடும். எத்தனை முறை உருக்கினாலும் தரம் கெடாது. மரச்சிற்பத்தை உடைத்தால் விறகுதான் மிச்சம். பொற்சிலையை உருக்கினால் மதிப்பு அப்படியே கையில் இருக்கிறது. பொன்னை அதிகாரத்தின் அடையாளமாக்கிய குணமேதான் அதில் செய்த கலைக்கு எமனாக வந்தது. ராஜராஜனின் குடத்துப் பொன் இன்று யாருடைய கழுத்திலோ சங்கிலியாகக் கிடக்க எல்லாச் சாத்தியமும் உண்டு. அதைத் தகடாக அடித்த கொல்லனின் கைவேலைக்குத்தான் மறுபிறவி இல்லை.

சோழர் கலை என்றதும் நம் மனம் செப்புத் திருமேனிகளுக்குப் போவதற்கு அவற்றின் அழகு மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். ஆபத்துக் காலத்தில் மண்ணுக்குள் புதைத்துக் காப்பாற்றியவற்றில் பெரும்பகுதி செம்பு. பொன்னுக்கு அந்த அவகாசம் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. முதலாம் பராந்தகன் தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. இருநூறு ஆண்டுகள் கழித்து விக்கிரம சோழனின் மெய்க்கீர்த்தி அவனும் தில்லையில் பொன் வேய்ந்தான் என்கிறது. முன்னோன் பெயரில் பொன் மின்னினால் போதாது, தன் பெயரிலும் மின்ன வேண்டும் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் தோன்றியிருக்கிறது. 1311இல் மாலிக் காபூர் படை தெற்கே வந்தபோது பொற்கோயில் ஒன்றை அடித்தளம் வரை தோண்டிப் பொன்னையும் மணியையும் அள்ளிய கதையை டில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரு பெருமையோடு எழுதி வைத்தார். அது சிதம்பரம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. கொடுத்தவனும் எழுதினான், எடுத்தவனும் எழுதினான். இரண்டு பேருக்கும் அதே பொன்தான் புகழ்.

உருக்குவது என்றால் என்ன என்று முழு அளவில் தெரிந்துகொள்ள பெருவுக்குப் போக வேண்டும். 1532 நவம்பரில் கஹமார்கா என்ற ஊரில் இன்கா பேரரசன் அதாவல்பாவை ஸ்பானியத் தளபதி பிசாரோ சிறைப்பிடித்தான். விடுதலைக்கு ஈடாக ஓர் அறையை ஒரு முறை பொன்னாலும் இரு முறை வெள்ளியாலும் நிரப்பித் தருவதாக அதாவல்பா சொன்னான். மாதக்கணக்கில் லாமா என்ற சுமை விலங்குகளின் முதுகில் பொன் வந்து இறங்கியது. குஸ்கோ நகரத்துச் சூரியன் கோயிலின் சுவர்த் தகடுகள் பெயர்ந்து வந்தன. குவளைகளும் சிலைகளும் வந்தன. அந்தக் கோயிலின் தோட்டத்தில் தண்டும் இலையும் கதிருமாகப் பொன்னால் செய்த மக்காச்சோளப் பயிர் நின்றதாக அக்காலத்து ஸ்பானியர்கள் எழுதியிருக்கிறார்கள். இன்காக்களுக்குப் பொன் நாணயம் கிடையாது. அவர்களுக்கு அது சூரியனுக்கும், சூரியன் மகனான அரசனுக்கும் உரியது. கடையில் கொடுத்து எதையும் வாங்கும் பொருளாக அதை அவர்கள் பார்த்ததே இல்லை.

வந்தவர்களுக்கு அது எடை மட்டும்தான். 1533இல் உலைகள் மூட்டி, இன்கா பொற்கொல்லர்களையே கொண்டு எல்லாவற்றையும் உருக்கினார்கள். கிடைத்தது 13,420 பவுண்டு பொன், ஏறத்தாழ 6 டன். குதிரை வீரன் ஒருவனுக்கு மட்டும் 90 பவுண்டு, அதாவது 40 கிலோ பங்கு. அதாவல்பாவை விடவில்லை; அந்த ஜூலையிலேயே கொன்றார்கள். தன் இனத்து முன்னோர் அடித்த தகட்டைத் தானே உருக்கும் மூசைக்குள் போட்ட அந்தக் கொல்லர்களைப் பற்றி ஆவணங்கள் அதிகம் பேசுவதில்லை. இந்தக் கதையில் எனக்கு மனம் ஆறாத இடம் அதுதான்.

அமெரிக்காவிலிருந்து போன பொன்னைக் கலையாகவே பார்த்த ஐரோப்பியரும் உண்டு. பெருவுக்குச் சில ஆண்டுகள் முன்னால், மெக்சிகோவின் ஆஸ்டெக் அரசன் மொக்தெசூமாவிடமிருந்து கோர்டெஸ் அனுப்பிய பொருட்கள் 1520இல் பிரஸ்ஸல்ஸில் காட்சிக்கு இருந்தன. ஓர் ஆள் கைகளை விரித்த அகலத்துக்குப் பொன்னால் ஒரு சூரியன், அதே அளவுக்கு வெள்ளியில் ஒரு நிலா. அதைப் பார்த்தவர்களில் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரும் ஒருவர். தன் வாழ்நாளில் இதைப் போல நெஞ்சை மகிழ்வித்த ஒன்றைக் கண்டதில்லை என்றும், தூர தேசத்து மனிதர்களின் நுட்பமான அறிவைக் கண்டு வியந்ததாகவும் நாட்குறிப்பில் எழுதினார். அவருடைய அப்பா பொற்பத்தர். டியூரரும் சிறு வயதில் பட்டறையில் வேலை பழகியவர். எது வெறும் உலோகம், எது வேலைப்பாடு என்று அந்தக் கண்ணுக்குத் தெரியும். அந்தச் சூரியனும் நிலாவும் இன்று இல்லை. டியூரரின் அந்தச் சில வரிகள் இருக்கின்றன.

ஆகவே இன்று அருங்காட்சியகங்களில் நாம் பார்க்கும் பழம்பொன் எல்லாம் உருக்குகிறவன் கைக்கு எட்டாமல் போனவை. அதற்கு மிகப் பழைய வழி புதைப்பது. ஆதிச்சநல்லூரில் 1899க்கும் 1905க்கும் இடையே அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது கிடைத்த மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்கள் அப்படித்தான் தப்பின. மற்றொரு வழி பூட்டி வைப்பது. உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் 2011இல் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் அறைகளைத் திறந்தபோது நாடே வாய்பிளந்தது நினைவிருக்கும். தென்னாட்டுக் கோயில்களில் இப்படிப்பட்ட செல்வம் இருந்தது புதுமையில்லை, அது அப்படியே மிஞ்சியிருந்ததுதான் அதிசயம்.

புதைத்ததெல்லாம் தப்பியதும் இல்லை. எகிப்தியர்கள் தெய்வங்களின் சதை பொன், எலும்பு வெள்ளி என்று நம்பினார்கள். இறந்த அரசன் தெய்வமாகிறான், ஆகவே அவன் முகமும் பொன்னாக வேண்டும். 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த துட்டன்காமன் கல்லறையில் இருந்த முகமூடி 10 கிலோவுக்கு மேல் எடை. உள் சவப்பெட்டி மட்டும் 110 கிலோ கெட்டிப் பொன். முகமூடியை நெருங்கிப் பார்த்தால், தலைத்துணியின் நீலப் பட்டைகள் கண்ணாடி என்பது தெரியும். புருவத்திலும் கண்ணோரத்திலும் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் லசூலி என்ற நீலக்கல். பின்புறமும் தோளிலும் இறந்தவனைக் காக்கும் மந்திரம் செதுக்கியிருக்கிறது. பத்தொன்பது வயதளவில் செத்துப்போன, பெரிதாக எதையும் சாதிக்காத அரசன் இவன். அறுபது ஆண்டுக்கும் மேல் ஆண்ட இரண்டாம் ராம்சேஸுக்கு எப்படிச் செய்திருப்பார்கள் என்று கற்பனைதான் செய்யலாம், அவன் கல்லறையைப் பழங்காலத்திலேயே சூறையாடிவிட்டார்கள்.

அந்தக் கொள்ளை எப்படி நடந்தது என்பதற்கு எகிப்தியர்களே எழுதிவைத்த விசாரணை ஆவணம் உண்டு. சுமார் 3100 ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் ராம்சேஸ் காலத்தில், ஒரு கல்தச்சனும் கூட்டாளிகளும் சோபெகெம்சாஃப் என்ற பழைய அரசனின் கல்லறைக்குள் சுரங்கம் தோண்டி இறங்கினார்கள். உடலின் மேலிருந்த பொன்னை உரித்தார்கள். சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்தார்கள். எட்டுப் பேருக்குத் தலைக்கு 20 தெபென் (பழைய எகிப்திய எடை) வீதம் 160 தெபென் பொன் பங்கு பிரிந்தது. கணக்குப் போட்டால் 15 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ராஜராஜன் குடத்தின் மேல் போர்த்திய அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம்.

இன்னொரு வழி இருக்கிறது. கலை வரலாற்றில் அதுதான் நெடுந்தூரம் போனது. பொன்னை உரித்தாலும் பயனில்லாத அளவுக்கு மெல்லிசாக்குவது. ஒரு கிராம் பொன்னை ரேக்காக அடித்தால் அரை சதுர மீட்டர் பரப்பைப் போர்த்தலாம். அந்தக் கனத்தில் அதற்கு எடை மதிப்பு ஏறத்தாழ இல்லை. ஒளி மட்டும் கெட்டிப் பொன்னின் ஒளியேதான்.

இத்தாலியின் ரவென்னா நகரில் 547இல் திருநிலைப்படுத்திய சான் விட்டாலே தேவாலயத்தின் சுவரில் பைசாந்தியப் பேரரசன் ஜஸ்டினியன் நிற்கிறான். பின்னால் முழுக்கப் பொன். இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே பொன் ரேக்கை வைத்து ஒட்டிய சிறு சதுரங்களைக் காரைச் சுவரில் பதித்திருக்கிறார்கள். ஒரே மட்டமாகப் பதிக்கவில்லை. ஒவ்வொரு சில்லும் சற்று வெவ்வேறு கோணத்தில் சாய்ந்திருக்கும். நாம் நடக்க நடக்க, விளக்கு அசைய அசைய, சுவர் முழுக்க ஒளி நகர்ந்துகொண்டே இருக்கும். ஜஸ்டினியன் ரவென்னாவில் கால் வைத்ததே இல்லை. படைத்தளபதிகள் பிடித்துக் கொடுத்த ஊர் அது. இல்லாத அரசனை அங்கே இருக்க வைத்தது அந்தப் பொன் சுவர்தான்.

அவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வழிபாட்டு அப்பம் வைக்கும் ஒரு பெரிய பொற்தட்டு. எதிர்ச்சுவரில் அரசி தியடோரா மணி பதித்த பொற்கிண்ணம் ஏந்தியிருக்கிறாள். இருவரும் ஆலயத்துக்குக் கொடுக்கிறார்கள். தஞ்சைக் கல்லில் எழுத்தாக இருப்பது ரவென்னாவில் படமாக இருக்கிறது: அரசன் இறைவனுக்குப் பொற்பாத்திரம் கொடுக்கும் அந்தக் கணம். இரு நாடுகளுக்கும் நடுவே நெடுந்தூரம், காலமும் வேறு. ஆனாலும் பொன்னால் அதிகாரத்தைச் சொல்ல வந்தபோது இரண்டு பேரரசுகளும் கொடுக்கிற கையைத்தான் காட்டின.

ஐரோப்பாவில் பிறகு ஒரு திருப்பம் வந்தது. தேவாலயப் படங்களுக்குப் பொன் ரேக்கும் விலையுயர்ந்த நீலமும் வைத்து எழுதும் வழக்கம் நூற்றாண்டுகள் நீடித்தபின், 1435இல் ஃபுளோரன்ஸ் அறிஞர் ஆல்பர்ட்டி மாற்றுக் கருத்தைச் சொன்னார். பொன்னைப் பொன்னால் காட்டாதே, சாதாரண வண்ணத்தால் பொன்னின் மினுமினுப்பைக் கொண்டுவா, அதுதான் ஓவியனுக்குப் பெருமை என்றார். பணம் கொடுப்பவனின் செல்வத்தைக் காட்டிய படம் மெல்ல ஓவியனின் திறமையைக் காட்டத் தொடங்கியது.

தஞ்சாவூர் ஓவியம் அந்தப் பாதையில் போகவில்லை, போகாததில் குறையும் இல்லை. மராட்டியர் ஆட்சியில், சிறப்பாக இரண்டாம் சரபோஜி காலத்தில் செழித்த கலை இது. பலாப்பலகையில் துணியை ஒட்டி, சுண்ணாம்புத் தூளையும் புளியங்கொட்டைப் பசையையும் குழைத்துப் பூசி வழவழப்பாக்குவார்கள். நகையும் தூணும் திருவாசியும் வரும் இடங்களில் அதே குழைவைப் புடைப்பாக ஏற்றி, கல் பதித்து, மேலே தங்க ரேக்கை ஒட்டி விரலாலும் தூரிகையாலும் ஒற்றி ஒற்றிப் படிய வைப்பார்கள். புடைப்பின் ஓரங்களில் ரேக்கு கிழியாமல் படிவதில்தான் கைத்திறமே இருக்கிறது. குழந்தைக் கண்ணனின் கன்னம் உப்பியிருக்கும், அதைவிட அவன் கழுத்து ஆரம் உப்பியிருக்கும். இங்கே பொன் ஒளியைப் பாவனை செய்வதில்லை. எண்ணெய் விளக்கு மட்டும் எரியும் பூஜை அறையில் உண்மையான பொன்னே மின்ன வேண்டும் என்று அமைத்த கலை. பெரிய கோயில் கருவறைக்குள் அரசன் கொடுத்த ஆபரணம் என்னவாக மின்னியதோ, அதை வீட்டுச் சுவரில் சில கிராம் ரேக்கில் கொண்டுவந்த வித்தை இது. ரேக்குக்குப் பதிலாகப் போலித் தாள் ஒட்டிக் குறைந்த விலைக்கு விற்கும் படங்கள் சில ஆண்டுகளில் கறுத்துவிடுகின்றன. வாங்குகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டும். உண்மையான ரேக்கு வேலைக்குக் கூலி கிடைக்காவிட்டால் அந்தக் கை பழகிய குடும்பங்கள் வேறு தொழிலுக்குப் போய்விடும்.

மெல்லிய பொன்னும் அதிகாரத்தின் பிடியிலிருந்து தப்பிவிடுவதில்லை. வியன்னா ஓவியர் குஸ்தாவ் கிளிம்ட் 1903இல் ரவென்னா சென்று அந்தச் சுவர்களைப் பார்த்தார். அவர் அப்பாவும் பொன்னில் செதுக்கும் தொழிலாளி. 1907இல் அவர் முடித்த அடேல் பிளாக்-பாயரின் உருவப்படத்தில் முகமும் கையும் தவிர மற்றதெல்லாம் பொன் வெள்ளத்தில் மூழ்கியிருக்கும். பேரரசிக்கு உரிய பொன் பின்னணியைச் சர்க்கரை ஆலை முதலாளியின் மனைவிக்கு வைத்தார், செல்வம் அரண்மனையிலிருந்து தொழிலதிபர்களிடம் போய்விட்டதை அந்த ஒரே படத்தில் பார்த்துவிடலாம். 1938க்குப் பிறகு நாஜிகள் அந்த யூதக் குடும்பத்தின் உடைமைகளைப் பறித்தபோது படமும் போனது. அடேலின் பெயரை மறைத்து, பொன்னுடைப் பெண் என்ற பொதுப்பெயரில் காட்சிக்கு வைத்தார்கள். நீண்ட வழக்குக்குப் பின் 2006இல்தான் அது வாரிசுகளுக்குத் திரும்பியது. அதே ஆண்டு 13.5 கோடி டாலருக்கு விலைபோனதாகச் செய்தி வந்தது. அதில் உள்ள பொன்னைச் சுரண்டித் தராசில் வைத்தால் எந்தக் கடையும் பொருட்படுத்தாது.

கடைசியாகக் கானா நாட்டு அசாந்தே மக்கள். அவர்களுடைய பொன் முக்காலியில் அரசனும் உட்காருவதில்லை. மக்கள் எல்லோருடைய உயிரும் அதில் குடியிருப்பதாக நம்பிக்கை. அதற்கென்று தனி இருக்கை உண்டு. 1874இல் பிரிட்டிஷ் படை குமாசி நகரைக் கொள்ளையடித்து அரச ஆபரணங்களை அள்ளிப் போனது, முக்காலி அகப்படவில்லை. 1900இல் பிரிட்டிஷ் ஆளுநர் ஹாட்ஜ்சன் நேரில் வந்து, தான் உட்கார அதைக் கொண்டுவரச் சொன்னார். பதிலாக யா அசாந்தேவா என்ற அரசத்தாயின் தலைமையில் போர் மூண்டது. போரில் அசாந்தே தோற்றது. நாடு போனது, முக்காலியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வென்றவர்கள் கடைசி வரை அதில் உட்காரவே இல்லை.

கொள்ளைபோன ஆபரணங்களின் கணக்கு இன்னும் முடியவில்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபௌலர் அருங்காட்சியகம் ஏழு பொருட்களை நிரந்தரமாகத் திருப்பிக் கொடுத்தது. அதே ஆண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் 32 பொருட்களைக் குமாசி அரண்மனைக்கு அனுப்பின. தேசியச் சேகரிப்பிலிருந்து பொருளை விட்டுக்கொடுக்க பிரிட்டனின் சட்டம் இடம் தராததால், சொந்தக்காரர்களுக்கு அவை மூன்றாண்டுக் கடனாகத்தான் போயிருக்கின்றன.